விழுவதற்கு முன் கேட்க வேண்டியவை

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் முதியோர் நலக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழா மேடையில் விடுதி வாழ்க்கையையும் விளையாட்டுப் போட்டிகளையும் பற்றிப் பேசுவதே வழக்கம். அவற்றைப் பேச எங்களுக்கும் ஆசைதான். ஆனால் விழாக்குழுவினர், “நீங்கள் முதியோர் இல்லத்தில் செய்யும் வேலையைச் சொல்லுங்கள்” என்றார்கள். செய்த வேலையைச் சொல்வதென்றால் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஆகவே எங்கள் பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். இருவர் ஓய்வு பெற்ற தாதியர், ஒருவர் இயன் மருத்துவர், இருவர் ஆசிரியைகள். மாதம் ஒரு முறை இரத்தினபுரி மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய முதியோர் இல்லத்துக்குப் போய் வருகிறோம். இல்லத்தின் பெயரையும் அங்கு வாழ்பவர்களின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பவர்களில் அரைவாசிக்கு மேல் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த தமிழ் முதியவர்கள்.

சப்ரகமுவவுக்கு வெளியே வளர்ந்தவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். மலையகம் என்றதும் பலருக்கு நுவரெலியாவும் ஹற்றனும்தான் நினைவுக்கு வரும். கேகாலைப் பக்கம் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லை. இரத்தினபுரிப் பக்கம் பலாங்கொடை, பெல்மதுளை, இறக்குவானை, காவத்தை. இங்கும் தலைமுறை தலைமுறையாக எங்கள் மக்கள் இறப்பர் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வாழ்ந்தார்கள். ஆனால் இங்கே அவர்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழும் சிறு தொகையினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி இருந்த 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் பாதி பாதியாகப் பங்கிட்டது. அண்ணன் கப்பலேற, தங்கை இங்கேயே நின்ற குடும்பங்கள் எத்தனையோ. பின்னர் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போனார்கள். இப்படி ஒவ்வொருவராகப் பிரிந்துபோன வீடுகளில் கடைசியாக மிஞ்சியவர்களே இந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அங்கே ஒரு பணியைத் தொடங்கினோம். இல்லத்தில் உள்ளவர்களில் யார் யாருக்கு விழும் ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே கணித்து, அவர்களைக் கூடுதலாகக் கவனிப்பது என்பதே திட்டம். அதற்கு உலகெங்கும் வைத்தியசாலைகளில் பயன்படும் மோர்ஸ் அளவுகோலை எடுத்துக்கொண்டோம். கனடாவில் தாதியியல் பேராசிரியையாக இருந்த ஜனிஸ் மோர்ஸ் தம் குழுவினருடன் உருவாக்கி 1989இல் வெளியிட்ட அளவுகோல் அது. ஆறு கேள்விகள் மட்டும்தான். முன்பு விழுந்திருந்தால் 25 புள்ளி. ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15. கைத்தடி பிடித்து நடந்தால் 15, மேசை கதிரைகளைப் பிடித்துப் பிடித்து நடந்தால் 30. சேலைன் ஏறிக்கொண்டிருந்தால் 20. நடை தளர்ந்திருந்தால் 10, மிகவும் கெட்டிருந்தால் 20. தம்மால் எவ்வளவு முடியும் என்பதை மறந்து நடப்பவராக இருந்தால் 15. கூட்டுத்தொகை 25க்குக் கீழே என்றால் பயமில்லை, 45ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்று பெரும்பாலான இடங்களில் கொள்கிறார்கள்.

ஒரே பிற்பகலில் எல்லோருக்கும் புள்ளி போட்டு முடித்தோம். ஆபத்து அதிகம் உள்ளவர்களின் கட்டிலில் சிவப்பு நாடா கட்டினோம். பரீட்சைத் தாள் திருத்தி முடித்த திருப்தியோடு வீடு திரும்பினோம்.

அந்த இல்லத்தில் எழுபத்து நான்கு வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். பிரஷரும் சீனி வருத்தமும் இருந்ததால் 15 புள்ளி. “விழுந்திருக்கீங்களா பாட்டி?” என்று கேட்டோம். “இல்ல புள்ள” என்றார். மண்டபத்தில் நடந்து காட்டச் சொன்னோம். எதையும் பிடிக்காமல் நடந்து காட்டினார். கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். மொத்தம் 15 புள்ளி. அவர் கட்டிலில் சிவப்பு நாடா இல்லை.

அடுத்த மாதம், ஆனி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு, பின்கதவுப் படியில் அவர் விழுந்து கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

வைத்தியசாலைக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த வருடத்தில் அதற்கு முன்பே இரண்டு தடவை அவர் சறுக்கி உட்கார்ந்திருக்கிறார். இரவில் எழுந்து போகும்போது கட்டில் சட்டத்தையும் சுவரையும் பிடித்தபடியே போவாராம். பக்கத்துக் கட்டில்காரருக்கு அது தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. அந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தோம். 15உடன் 25, அதனுடன் 30. மொத்தம் 70. அளவுகோலின்படி மிக அதிக ஆபத்து. அளவுகோல் கூட்டலில் தவறவில்லை. நாங்கள் கேட்ட விதத்தில்தான் தவறு இருந்தது.

“ஏன் பாட்டி எங்களிடம் சொல்லவில்லை?” என்று கேட்டோம். “அது விழுந்ததா புள்ள? கால் தவறிடுச்சு, அவ்வளவுதானே” என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “விழுந்தேன்னு சொன்னா கட்டில்ல கட்டிப் போட்டுருவாங்க. இல்லாட்டி எங்கயாச்சும் அனுப்பிருவாங்க” என்றார்.

இந்த இரண்டு பதில்களும்தான் இன்றைய எங்கள் பேச்சின் சாரம்.

முதல் பதில் மொழியைப் பற்றியது. தோட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு ‘விழுவது’ என்றால் மலையிலிருந்து உருண்டு எலும்பு முறிவது. மற்றதெல்லாம் ‘வழுக்கிடுச்சு’, ‘கால் தவறிடுச்சு’, ‘தலை கிறுகிறுத்துச்சு, உட்கார்ந்துட்டேன்’. அதோடு, இல்லத்தின் பராமரிப்பாளர்களில் பலர் சிங்களம் மட்டும் பேசுபவர்கள். அன்பானவர்கள்தான். ஆனால் ஆங்கிலப் படிவத்தை அவர் சிங்களத்தில் கேட்க, பாட்டி தமக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலே படிவத்தில் ‘இல்லை’ என்று பதிவாகும். ஒரு சொல்லின் பொருள் மாறிப்போனதால் 25 புள்ளி காணாமல் போனது.

இரண்டாவது பதில் பயத்தைப் பற்றியது. பிரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்த காலம் முழுவதும், முடியாது என்று சொன்னால் அன்றைய பேர் போகும் என்று பழகியவர்கள் இவர்கள். வலியை மறைப்பது பிழைப்புக்கான வழியாக இருந்தது. எழுபது வயதில் அந்தப் பழக்கம் போய்விடுமா? விழுந்ததைச் சொன்னால் நன்மை வரும் என்று அவர்களுக்குத் தெரியும்வரை எந்தப் படிவமும் உண்மையைச் சொல்லாது.

உலகம் இதில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டொன்றுக்கு 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வைத்திய கவனிப்புத் தேவைப்படும் அளவுக்கு விழுவது ஆண்டுக்கு 37.3 மில்லியன் தடவை நிகழ்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு முறையாவது விழுகிறார். பராமரிப்பு இல்லங்களில் வாழ்பவர்களிடையே இது இன்னும் அதிகம். எமது நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தத் தொகை கூடிக்கொண்டே போகிறது.

புள்ளி போட்டு ‘இவர் விழுவார், இவர் விழமாட்டார்’ என்று பிரிப்பதில் உலகத்தின் நம்பிக்கையும் குறைந்துவிட்டது. இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2013இல், வைத்தியசாலையில் தங்கும் 65 வயதைத் தாண்டிய எல்லோரையுமே ஆபத்துள்ளவர்களாகக் கருதுங்கள், முன்கணிக்கும் புள்ளி அட்டவணைகளை அதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டியது. 2022இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட உலக வழிகாட்டி, பராமரிப்பு இல்லங்களில் வாழும் எல்லோரையுமே அதிக ஆபத்துள்ளவர்களாகக் கொள்ளச் சொல்கிறது. எங்கள் சிவப்பு நாடாவில் இருந்த பிழை இப்போது விளங்குகிறதா? நாடா கட்டிய கட்டிலைப் பார்த்துப் பார்த்து, நாடா கட்டாத கட்டிலை எல்லோரும் மறந்துபோனோம்.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொண்டோம். யார் விழுவார் என்று கேட்பதை விட்டோம். இந்தப் பாட்டி எதனால் விழுவார், எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்கிறோம். அதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று கேள்விகள். அந்த உலக வழிகாட்டியில் உள்ளவைதான், எங்கள் பேச்சில் கேட்கிறோம். இந்த ஒரு வருடத்தில் வழுக்கியோ, கால் தவறியோ, தலை சுற்றியோ தரையில் உட்கார்ந்ததுண்டா? நிற்கும்போதும் நடக்கும்போதும் தள்ளாடுகிற மாதிரி இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்று மனதில் பயம் உண்டா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மேலே விசாரிக்கிறோம். அவரிடம் மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. பக்கத்துக் கட்டில்காரரையும் கேட்கிறோம்.

இரண்டாவது, உடல். கைப்பிடியுள்ள கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்கிறோம். 1991இல் அறிமுகமான எளிய சோதனை இது. கடிகாரமும் கதிரையும் போதும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் கால் பலமும் சமநிலையும் குறைந்திருக்கின்றன என்று அறிகிறோம். நேரத்தைவிட முக்கியம், பார்க்கும் கண். எழும்போது கையை ஊன்றுகிறாரா? திரும்பும்போது தடுமாறுகிறாரா? பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்கிறாரா?

மூன்றாவது, குருதி அமுக்கம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்றபின் முதலாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறை அளக்கிறோம். நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், படுக்கையிலிருந்து சடுதியாக எழும்போது தலை கிறுகிறுக்கும் என்று பொருள். எங்கள் பாட்டிக்கு அப்படித்தான் இறங்கியது. உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்த நாளெல்லாம் அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

நான்காவது, மருந்து. நித்திரை மாத்திரை, மன அமைதிக்கான மாத்திரை, பிரஷர் மாத்திரை, சலம் போக்கும் மாத்திரை, சீனி மாத்திரை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுக்கிறோம். ஒரு கிளினிக்கில் கொடுத்தது மற்றக் கிளினிக்குக்குத் தெரியாமல் இருப்பதுண்டு. பாட்டி சலம் போக்கும் மாத்திரையை மாலையில் எடுத்துவந்தார். அதனால் இரவில் மூன்று முறை எழுந்தார். வைத்தியர் அதைக் காலைக்கு மாற்றினார். நாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்துவதில்லை. வைத்தியரிடம் கேட்காமல் நிறுத்துவது வேறொரு ஆபத்து.

ஐந்தாவது, கண்ணும் காலும். கண்புரை படர்ந்தவருக்குப் படியின் விளிம்பு தெரியாது. சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவருக்குத் தரை தெரியாது. ஆயுள் முழுவதும் வெறுங்காலோடு மலையேறியவர்களின் பாதம் விரிந்து வெடித்திருக்கும். கடையில் விற்கும் செருப்பு அவர்களுக்குப் பொருந்தாது. பொருந்தாத செருப்பை இழுத்து இழுத்து நடப்பதைவிட வெறுங்காலே மேல் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவருடைய பாதத்தையும் கடதாசியில் வைத்து வரைந்து எடுத்துப்போய், பின்பட்டி உள்ள, அடியில் வரி பிடித்த செருப்பாக வாங்கினோம்.

ஆறாவது, இடம். இரத்தினபுரி மழையைச் சொல்லத் தேவையில்லை. வெயில் படாத சீமெந்துப் படியில் பாசி படர ஒரு கிழமை போதும். பளபளவென்று மெழுகிய சிவப்புச் சீமெந்துத் தரையில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் வழுக்கும். வாசலில் போட்ட சாக்கு, கட்டிலுக்கும் மலசலகூடத்துக்கும் இடையில் ஒரு படி, எட்டாத உயரத்தில் மின்சுவிட்ச், கால் வரை தொங்கும் சேலை. இவற்றை அலுவலக அறையிலிருந்து பார்க்க முடியாது. ஒரு நாள் இரவு அங்கேயே தங்கி, அதிகாலை நான்கு மணிக்கு விளக்கில்லாமல் கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை நாங்களே நடந்து பார்த்தோம். எங்களில் இருவர் அந்தப் படியில் இடறினோம்.

ஏழாவதைப் படிவங்களில் காண முடியாது. அது அந்த மனிதரின் வாழ்க்கை. பாட்டி ஏன் நான்கு மணிக்கு எழுந்தார்? சலம் போக மட்டுமல்ல. நாற்பது வருடம் அந்த நேரத்தில் எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பிரட்டுக்கு ஓடியவர் அவர். உடம்பு அந்த மணியை மறக்கவில்லை. இறப்பர்த் தோட்டத்துத் தாத்தாமாரும் அப்படித்தான். குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக வடியும் என்று இருட்டோடு மலைக்குப் போனவர்கள். ‘ஆறு மணிவரை படுத்திருங்கள்’ என்று அவர்களுக்கு விதி போட்டால் அந்த விதி தோற்கும். நான்கு மணிக்கு அங்கே ஒரு விளக்கும், ஒரு ஆளும், ஒரு கோப்பை தேநீரும் இருந்தால் விழும் ஆபத்து குறையும். இல்லத்தின் இரவு வேலைப் பட்டியலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள நிர்வாகம் இணங்கியது. இதற்குச் செலவேதும் இல்லை.

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதுகிறோம். அதில் மொத்தப் புள்ளி கிடையாது. ‘இவரைத் தள்ளக்கூடியவை இவை, நாம் செய்வது இவை, செய்பவர் இன்னார்’ என்ற மூன்று பத்திகள் மட்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், புதிய மருந்து தொடங்கினாலும், காய்ச்சலில் கிடந்து எழுந்தாலும், விழுந்தாலும் மறுபடி பார்க்கிறோம்.

பல காரணங்களைச் சேர்த்துத் தேடித் திருத்தினால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் மேரி டினெட்டியும் குழுவினரும் வீடுகளில் வாழும் 70 வயதைத் தாண்டிய 301 பேரிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. மருந்தைத் திருத்தி, உடற்பயிற்சி கொடுத்து, பழக்கங்களை மாற்றிய குழுவில் ஓராண்டில் விழுந்தவர்கள் நூற்றுக்கு 35. மற்றக் குழுவில் 47. அது வீடுகளில் நடந்த ஆய்வு. இல்லங்களில் வாழ்பவர்கள் இன்னும் தளர்ந்தவர்கள் என்பதால் அங்கே இவ்வளவு பலனை உறுதியாக எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் நூறு பேர் விழும் இடத்தில் சிலர் விழாமல் இருப்பது அந்தச் சிலருக்குப் பெரிய விடயம்.

ஒரு கொப்பியும் வைத்தோம். யாராவது விழுந்தால் நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தார், காலில் என்ன இருந்தது, விளக்கு எரிந்ததா என்று ஐந்தே விபரங்கள். முதல் ஆறு மாதத்தில் கொப்பியில் விழுந்தவர்களின் தொகை முன்பைவிடக் கூடியது. ‘உங்கள் குழு வந்த பிறகுதான் அதிகம் விழுகிறார்கள்’ என்று நிர்வாகத்தில் ஒருவர் குறைப்பட்டார். உண்மையில் அப்போதுதான் அவர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். யாரையும் கட்டவில்லை, யாரையும் அனுப்பவில்லை என்று கண்ட பிறகு பயம் தெளிந்தது. எங்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அந்தக் கூடிய தொகைதான்.

கட்டிப்போடுவதைப் பற்றி ஒரு சொல். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் கட்டிலோடு கட்டினால் சில நாட்களிலேயே தொடைத் தசை கரையத் தொடங்கும். அவிழ்த்த அன்று எழுந்தால் விழுவது நிச்சயம். கட்டில் கம்பியைத் தாண்டி இறங்க முயன்றால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். விழாமல் இருப்பதற்காக நடக்காமல் வைப்பது, மூழ்காமல் இருக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது போலத்தான்.

இங்கே எங்கள் சங்கமும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் கிளைகளின் உதவியோடு அந்த இல்லத்துக்குப் பத்துச் சக்கர நாற்காலிகள் கொடுத்தோம். படம் எடுத்து ஆண்டறிக்கையில் போட்டோம். நடக்கக்கூடிய சிலரும் அதில் உட்கார்ந்துவிட்டார்கள். தள்ளிக்கொண்டு போவது பராமரிப்பாளருக்கும் சுலபம். ஒரு வருடத்தில் அவர்களில் சிலருக்கு நடையே போய்விட்டது. அதே நேரத்தில் மலசலகூடத்தில் ஒரு கைப்பிடிக்கம்பி இல்லை. கைப்பிடிக்கம்பியைப் படம் எடுத்தால் அழகாக இருக்காது, சகோதரிகளே. ஆனால் இரவில் ஒருவரின் உயிரைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? பதறி உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். முதலில் பேச்சுக் கொடுங்கள். தலை அடிபட்டதா என்று பாருங்கள். குருதி உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் போர்வை போர்த்தி 1990 சுவசெரிய வண்டியை அழையுங்கள். அது இலவச சேவை. ஒன்றும் இல்லை என்று எழுந்துவிட்டாலும், ஏன் விழுந்தார் என்று அன்றே எழுதி வையுங்கள். ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழுவார் என்பதுதான் மிக உறுதியான எச்சரிக்கை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எமது நாட்டில் இருக்கிறது. அதன்படி அமைந்த முதியோர் தேசியச் செயலகமும் இருக்கிறது. ஆனால் பின்கதவுப் படியில் பாசி படர்ந்திருப்பதைச் சட்டத்தால் பார்க்க முடியாது. அங்கே போகிறவர்கள்தான் பார்க்க வேண்டும்.

எல்லா நாடுகளிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவியரிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, இந்த மலரைப் படித்து முடித்த அன்று இரவே ஊரில் உள்ள அம்மாவுக்கோ மாமிக்கோ தொலைபேசி எடுங்கள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்ட பிறகு, “கால் தவறுச்சா? தலை சுத்துச்சா?” என்றும் கேளுங்கள். ‘ஆம்’ என்றால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

இரண்டு, உதவி அனுப்பும்போது எது தேவை என்று முதலில் இல்லத்தைக் கேளுங்கள். விளக்கு, கைப்பிடிக்கம்பி, செருப்பு, கண்புரைச் சத்திர சிகிச்சைக்குப் போய்வரும் வாகனச் செலவு, இரவில் ஒரு மேலதிக ஆள். இவையே முதலில் வேண்டியவை.

மூன்று, இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு நாள் தாருங்கள். முதியவர் சொல்வதைப் பராமரிப்பாளருக்கும் பராமரிப்பாளர் சொல்வதை முதியவருக்கும் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தால் போதும். இந்தக் கல்லூரி எங்களுக்கு மொழிகளைக் கற்பித்தது இதற்கும்தான்.

விழுவது நின்றுவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. சென்ற மாதமும் ஒருவர் விழுந்தார். காயமில்லை, அவராகவே கொப்பியைக் கேட்டு எழுதச் சொன்னார். அந்தப் பலாங்கொடைப் பாட்டி சத்திர சிகிச்சை முடிந்து இல்லத்துக்குத் திரும்பினார். பழைய நடை திரும்பவில்லை. சட்டகம் பிடித்துத்தான் நடக்கிறார். இன்றும் நான்கு மணிக்கு எழுகிறார். கட்டில் விளிம்பில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து, விளக்கு எரியும் பின்வாசலுக்கு வருகிறார். இரவுக் கடமையில் இருக்கும் சிங்களப் பெண் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். அவர் இவரை “ஆச்சி” என்கிறார். இவர் அவரை “மகள்” என்கிறார். நாங்கள் சரியாகக் கேட்டிருந்தால் அந்த இடுப்பு முறிந்திருக்காது என்ற நினைப்பு எங்களை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.